பொட்டலத்தின் எடை

பொற்கொடியின் வலது கையில் ஒரு பாக்கெட், இடது கையில் ஒரு பாக்கெட். வலது கையில் இருந்தது உள்ளங்கை அகலம்தான். வழவழப்பான பச்சைக் காகிதம், அதில் ஓர் ஒல்லி நாய் புல்தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. 'லோ கலோரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். இடது கையில் இருந்தது தலையணை பருமன். முழுசாக ஒரு கிலோ, எலும்பு வடிவத்தில் பிஸ்கட். வெறும் பிளாஸ்டிக் பை, படம் கிடையாது, கம்பெனி பெயர்கூடப் பாதி அழிந்திருந்தது. விலையோ பச்சைப் பாக்கெட்டில் பாதி.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மீன்தொட்டியும் கிளிக்கூண்டும் நாய்ச் சங்கிலியும் விற்கிற கடை அது. தொட்டிகளின் நீல வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், வெளியே பகலா ராத்திரியா என்பது மறந்துபோகும். பொற்கொடிக்கு அது எப்போதுமே பாதி மறந்துதான் இருக்கும். ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் வீட்டில் கிழமையும் பொழுதும் அப்படித்தான், கொஞ்சம் கரைந்தே இருக்கும்.

"ஒல்லி நாய் படத்துக்குத்தான் காசு புடுங்குறான்," என்றான் அவள் கணவன் வளவன். "குலுக்கிப் பாரு, உள்ள பூரா காத்து. நம்ம ஆளுக்கு ஒரு வாய்க்குக் காணாது."

"ஒரு வாய்க்குக் காணக் கூடாதுன்னுதாங்க வாங்குறதே."

"இதுல ஒரு கிலோ இருக்கு பொற்கொடி. ஒண்ண நாலா ஒடச்சுப் போட்டா கலோரியும் நாலுல ஒரு பங்குதான. கணக்கு சரியாப்போச்சா?"

"நீங்க ஒடைப்பீங்களா? அது உங்க மூஞ்சியப் பாத்துச்சுன்னா பையோட கவுத்துருவீங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். வளவன் தலையைச் சொறிந்துகொண்டான், ஏனென்றால் அது உண்மை.

இவ்வளவு யோசனைக்கும் காரணமான ஆள் கடை வாசலில் மொபெட் நிழலில் படுத்திருந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். பெயர் பொட்டலம். எட்டு வயது, முப்பத்தொன்றரைக் கிலோ. இருபத்திரண்டு கிலோவுக்கு மேல் போகக் கூடாத உடம்பு. முந்தின நாள்தான் கால்நடை டாக்டர் அதன் பின்னங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்துவிட்டு, பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்.

"மூட்டு ரெண்டும் தேஞ்சுகினு வருதும்மா. மருந்து என்னா குடுத்தாலும் இந்தப் பாரத்தத் தாங்காது. சித்திரைக்குள்ள அஞ்சு கிலோவாவது கொறைங்க. கொறையலைன்னா ஒருநாள் உக்காரும், அதோட எழுந்திருக்காது. அப்ப எங்கிட்ட தூக்கிகினு வராதீங்க."

எழுந்திருக்காது என்ற சொல் பொற்கொடியை விட்டுப் போகவில்லை. அவள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது கேட்டில் நின்று வாலாட்ட இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் எழுந்திருக்காவிட்டால் அந்தக் குவார்ட்டர்ஸுக்கு எதற்காகத் திரும்பிப் போக வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாய்க்காகவா இப்படி என்பார்கள்.

"பச்சைதான்," என்றாள். காசை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பொட்டலம் என்று ஒரு நாய்க்குப் பெயர் வைப்பார்களா என்று கேட்கிறவர்கள் நெய்வேலியில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். அங்கே நிலக்கரி மைன்ஸுக்கு ஷிஃப்ட் போகிற அப்பாக்கள் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வருவதில்லை. கேன்டீனில் கொடுக்கிற போண்டாவோ வடையோ, அதைத் தான் தின்னாமல் செய்தித்தாளில் மடித்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஷிஃப்ட் பஸ் வந்து நிற்கும்போது பிளாக் பூராவும் பிள்ளைகள் கேட்டைப் பிடித்துத் தொங்கும். கடையில் அதைவிட நல்ல போண்டா கிடைக்கும்தான். இருந்தாலும் அப்பாவின் பையிலிருந்து வருகிற, கொஞ்சம் நசுங்கிய, எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலத்துக்கு இருந்த மவுசு வேறு எதற்கும் கிடையாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வளவன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். மகள் இசைப்பிரியாவுக்கு அப்போது பதினொரு வயது. வழக்கம்போலப் பைக்குள் கையை விட்டாள். "அப்பா, பொட்டலம் எங்கப்பா? என்னமோ வழுவழுன்னு இருக்கு!" என்று கத்தினாள். பைக்குள்ளிருந்து ஒரு மடங்கின காது எட்டிப் பார்த்தது. மைன்ஸில் கரி அள்ளிப் போகிற பெல்ட் ஓடுகிற இடத்தில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த குட்டியாம். போண்டாவை அதுதான் தின்று முடித்திருந்தது. அந்த வினாடியே பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது இசைப்பிரியா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் இருந்த காலத்தில் யாராவது ஒருத்தர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் ஷிஃப்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். வளவனுக்குக் காலை ஷிஃப்ட். விடிகிறதுக்கு முன்னால் கிளம்பினால் மதியம் இரண்டரைக்கு வருவான். பொற்கொடிக்கு ஆஸ்பத்திரி டயட் கிச்சனில் கான்ட்ராக்ட் வேலை, மதிய ஷிஃப்ட். ஒன்றரைக்குப் போனால் திரும்பி வரும்போது அவன் தூங்கிப் போயிருப்பான். பிள்ளை போய் ஒன்றரை வருஷமாகியும் அந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள இருவருக்குமே தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்ந்து இருப்பார்கள். அன்றைக்குத் துணி இருக்கும், வீட்டு வேலை இருக்கும். பேச்சு என்று பார்த்தால் கேஸ் வந்ததா, கரண்டு பில் கட்டியாயிற்றா, பாப்பா போன் பண்ணினாளா, அவ்வளவுதான்.

சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடவும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே!

ஆகவே பொற்கொடிக்கு வளவன் என்றால் பெரும்பாலும் அவன் விட்டுவிட்டுப் போன சாமான்கள்தான். பாத்ரூமில் ஈரத்துண்டு. வாசலில் கரி படிந்த பூட்ஸ். வாசற்கதவை ஒட்டி அவள் கைப்பை வைக்கிற குட்டை முக்காலி ஒன்று உண்டு. தினமும் அதன் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணம் காலியாக உட்கார்ந்திருக்கும், பக்கத்திலேயே தரையில் எண்ணெய்க் காகிதம் ஒன்று கிடக்கும். மனுஷன் மதியம் வந்து போண்டாவைத் தின்றுவிட்டு, கிண்ணத்தைப் போட்டது போட்டபடி படுத்துவிடுகிறான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வரும். ஆஸ்பத்திரியில் நூறு தட்டு கழுவுகிறதைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இங்கேயும் ஒரு கிண்ணமா? 'தின்ன கிண்ணத்த ஒரு தண்ணி ஊத்தி வச்சாத்தான் என்ன, கை தேஞ்சா போயிடும்?' என்று முணுமுணுத்தபடி தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைப்பாள். மகள் இருந்தபோது அவளுக்குப் பொட்டலம் வந்தது, இப்போது தனக்குத்தானே வாங்கித் தின்கிறான், நமக்கு ஒரு துண்டு வைக்க வேண்டும் என்று தோன்றுகிறதா பார் என்று ஓரிரு தடவை கண்கூடக் கலங்கியிருக்கிறது. ஒரு போண்டாவுக்காக அழுதோமே என்று பிறகு வெட்கமாயிருக்கும்.

சரி, நாய்க்கு வருவோம்.

டயட் என்றால் பொற்கொடிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்க்கரைக்காரருக்கு எத்தனை கரண்டி, உப்பில்லாதவருக்கு எந்த ட்ரே, எல்லாம் அவள் கைக்கு அத்துப்படி. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டினாள். காலையில் அவள் கையால் பச்சைப் பிஸ்கட் நான்கு, மதியம் வளவன் கையால் இரண்டு, வேளைக்கு அளந்த சோறு, வேறு ஒன்றும் கூடாது. கீழே அடிக்கோடு போட்டாள். அவளே சில நாள் நான்கை ஆறாக்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லோ கலோரிதானே, இரண்டு கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று அவள் மனசு வக்காலத்து வாங்கியது.

மார்கழி வந்தது. காலைப் பனியில் பிளாக் ரோடுகள் எங்கே முடிகின்றன என்று தெரியாது. தூங்குமூஞ்சி மரங்கள் பாதி உயரத்துக்கு மேல் இல்லாமல் போய்விடும். மைன்ஸ் பக்கமிருந்து பெல்ட் ஓடுகிற முனகல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் அது நின்றால்தான் ஊருக்கு விழிப்பு வரும். அந்தப் பனிக்குள் பொற்கொடி பொட்டலத்தை நடத்திக்கொண்டு போவாள். சேலைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு, தூக்கம் பாதி கண்ணில் இருக்க, கால்தான் தன்பாட்டுக்கு நடக்கும். நாய் பத்தடிக்கு ஒருதரம் நின்று பின்னங்காலைத் தரையில் ஊன்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும். "வாடா கண்ணு, அந்த மரம் வரைக்கும்," என்பாள். மரம் வந்ததும் அடுத்த மரத்தைக் காட்டுவாள்.

ஒரு மாசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டின் முன்னால் பொட்டலத்தை உட்காரவைத்துக்கொண்டு இருவரும் கருப்பசாமியின் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். அங்கேதான் பெரிய தராசு இருக்கிறது. கருப்பசாமி வேறு வேலை இல்லாத மாதிரி வந்து நின்றுகொண்டான்.

"இரும்புன்னா வெல சொல்லுவேன், அட்டைன்னா வெல சொல்லுவேன். இத எதுலண்ணே சேக்குறது?"

"வாய மூடிகினு முள்ளப் பாருடா," என்றான் வளவன்.

முள் ஆடி ஆடி நின்றது. முப்பத்திரண்டு. ஒரு மாசம் பட்டினி போட்டு அரைக் கிலோ ஏறியிருந்தது! பொட்டலம் தராசு மேல் உட்கார்ந்து எல்லாரையும் அன்பாகப் பார்த்தது.

பொற்கொடிக்கு முகம் கறுத்துப்போனது. "நீங்க தனியா ஏதோ போடுறீங்க. அந்த ஒரு கிலோ பைய வாங்கி எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல. சார்ட்ல ரெண்டுன்னு போட்ட, ரெண்டுதான் போடுறேன். எண்ணி எண்ணிப் போடுறேன்."

"அப்ப இது காத்துலயா ஊதுது?"

அவன் நாயைத் தராசிலிருந்து தூக்கி இறக்கினான்.  அவன் பொய் சொல்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். முட்டாள்தனமான பாசத்தால் அதைக் கொல்லப் போகிறான் என்று நினைத்தாள்.

மறுநாள் டயட் கிச்சனில் ரவை உப்புமாவைக் கிளறிக்கொண்டே கூட வேலை செய்கிற மாணிக்கம்மாளிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள். மாணிக்கம்மாள் முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவள்.

"பன்னண்டாம் பெட்டு பெரியவருக்கு சுகர் எறங்கவே இல்ல, தெரியுமில்ல? நம்ம ட்ரே கரெக்டா போவுது. டாக்டருங்க மாத்திர மாத்துறாங்க. நான் போயி தலகாணியத் தூக்குனேன், அடியில அல்வா! மருமவப் பொண்ணு கொண்டாந்தது. டயட்டு எடுபடலைன்னா சார்ட்டப் பாக்காதடி, விசிட்டரப் பாரு."

விசிட்டர் யார் என்பதில் பொற்கொடிக்குச் சந்தேகமே இல்லை. புதன்கிழமைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள், வீட்டில் சொல்லவில்லை. அன்று மதியம் செருப்பையும் கைப்பையையும் அறைக்குள் எடுத்து ஒளித்துவைத்தாள். ஜன்னலைச் சாத்தி, அறை வாசலில் திரையை இழுத்துவிட்டு, ஒரு விரற்கடை இடைவெளி வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பொட்டலம் கூடத்தில் பெருமூச்சு விட்டுப் படுக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றியது. வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த தூக்கம் அவளைப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தது.

அவள் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். மதியம்தான், ஆனால் பனி. பொட்டலம் முன்னால் போய்க்கொண்டிருந்தது, நொண்டல் இல்லை. பார்த்தால் கால் தரையில் படவே இல்லை. ஒரு சாண் உயரத்தில் நடந்தது, பிறகு ஒரு முழம், பிறகு தூங்குமூஞ்சி மரக் கிளைகளுக்கு நடுவே உருண்டையாய் ஏறிப் போனது. அதன் கழுத்திலிருந்து இசைப்பிரியாவின் பள்ளிக்கூடச் சிவப்பு ரிப்பன் தொங்கியது, நுனி பொற்கொடி கையில் இருந்தது. கனமே இல்லை. கீழே ஷிஃப்ட் பஸ்கள் சத்தமில்லாமல் வந்து நின்றன. எல்லா அப்பாக்களும் காகிதப் பொட்டலத்தோடு இறங்கினார்கள். எல்லா கேட்டிலும் பிள்ளைகள். வளவனும் இறங்கினான், அவன் கையிலும் ஒரு பொட்டலம். அவன் தங்கள் வீட்டுக் கேட்டில் வந்து நின்று உள்ளே பார்த்தான், யாரும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். "ஏங்க, இங்க இருக்கேன்," என்று பொற்கொடி கத்தினாள். குரல் வரவில்லை. கையை ஆட்டலாம் என்றால் ரிப்பனை விட வேண்டும்.

கேட்டுத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கண் விழித்தாள். கனவு இன்னும் கொஞ்சம் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்ததால் திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் அவள் கனவு மாதிரியே பார்த்தாள்.

வளவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். முகத்தில் பழுப்புத் தூசி. பொட்டலம் எழுந்து வர முயன்றது. "இரு, இரு, நானே வர்றேன்," என்று அவனே போய்க் குந்தி உட்கார்ந்து அதன் பின்னங்காலை மெல்ல நீவிவிட்டான். பிறகு எழுந்து பச்சைப் பாக்கெட்டை எடுத்தான்.

"ஒண்ணு. ரெண்டு. அவ்ளோதான். மூஞ்சியப் பாக்காத. உங்கம்மா சார்ட் போட்டுருக்கா, கோடு வேற இழுத்துருக்கா. நான் ஏமாத்துறேன்னு நெனச்சுகினு இருக்கா. நீயாவது சொல்லேன் அவகிட்ட."

இரண்டே இரண்டு. உண்மையிலேயே இரண்டுதான். பொற்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து அவன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அடுக்களைக்குப் போய், அவள் கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வந்தான். இரண்டு போண்டாக்களையும் அதில் வைத்து மேலே காகிதத்தை மூடினான். முக்காலியில், அவள் கைப்பை வைக்கிற இடத்தில், நடுவாகப் பார்த்து வைத்தான்.

"இத மோந்துகூடப் பாக்கக் கூடாது, ஆமா. உங்கம்மாவோடது. ஊருக்கெல்லாம் சோறு அளந்து போட்டுட்டு நின்ன காலோட வர்றவ. அவ என்னா தின்னா, தின்னலன்னு எவன் கேக்குறான்?"

பொட்டலம் பூனை மாதிரி சாதுவாய் முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டது. வளவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக் குளியலறைக்குப் போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

குழாய்ச் சத்தத்துக்காகவே காத்திருந்ததுபோல் நாய் எழுந்தது. எழுந்திருக்கவே முடியாத நாய்! நேராக முக்காலிக்குப் போனது. காகிதத்தின் ஓரத்தை முன்பல்லால் கவ்வி, சத்தமே இல்லாமல் தரையில் போட்டது. முதல் போண்டாவை எடுத்து இரண்டே கடியில் உள்ளே தள்ளியது. கிண்ணம் ஒரு நூல் நகரவில்லை. ஒன்றரை வருஷத் தொழில் சுத்தம்.

அட திருட்டுப் பயலே!

பொற்கொடியின் புத்தியில் முதலில் ஓடியது டயட் கிச்சன் கணக்குதான். பொரித்த போண்டா ஒன்று இருநூறு கலோரி என்றால் இரண்டு நானூறு, பச்சைப் பிஸ்கட் நாற்பது தின்றதற்குச் சமம். லோ கலோரியாவது, ஒரு கிலோ பையாவது, கடையில் நின்று அத்தனை வாதம் பண்ணினோமே! அந்தக் கணக்கு முடிந்த இடத்தில் இன்னொரு கணக்கு தானாகத் தொடங்கியது. தினமும் இரண்டு. பாப்பா போன நாளிலிருந்து. அத்தனையும் அவளுக்கென்று வைத்தது.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டாவது போண்டாவுக்கு வாயைத் திறந்திருந்த பொட்டலம் அப்படியே நின்றது. வால் மட்டும் இரண்டு தரம் ஆடியது. கிண்ணத்தை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முக்காலியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குளித்துவிட்டு வந்த வளவன் திடுக்கிட்டுப் போனான். "நீ டூட்டிக்குப் போவல? உடம்பு என்னா பண்ணுது?"

"இது எனக்கா வைக்கிறீங்க?"

"எது? போண்டாவா? ஆமா. ஏன், இன்னைக்கு நல்லா இல்லையா?"

"தெனமுமா?"

"பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதுலேந்து வைக்கிறேன். பைய வெறும் பையாத் தூக்கிகினு வூட்டுக்கு வர எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு." அவன் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு பேசினான். "நீ ஒரு நாளும் ஒரு வார்த்த சொன்னதில்ல, நல்லாருக்கு, நல்லால்லன்னு. ஆனா காலைல பாத்தா கிண்ணம் கழுவிக் கவுத்துருக்கும். சரி, தின்னுட்டா, அது போதும்னு போயிடுவேன்."

 அந்தக் கிண்ணத்தை எத்தனை வசவோடு கழுவியிருக்கிறாள்! அவள் திட்டித் திட்டிக் கவிழ்த்துவைத்ததைப் பார்த்துத்தான் இந்த மனுஷன் தினமும் நிம்மதியாய்ப் பஸ் ஏறியிருக்கிறான்.

"நான் ஒண்ணுகூடத் தின்னதில்லைங்க," என்றாள். நாயைக் கையால் காட்டினாள்.

வளவன் நாயைப் பார்த்தான். தரையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தான். அதன் மீசையில் ஒட்டியிருந்த கடலைமாவுத் துணுக்கைப் பார்த்தான். குளித்ததும் நேரே கட்டிலில் விழுகிறவன், வாசல் பக்கம் அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. விஷயம் அவனுக்குள் இறங்க ஒரு நிமிஷம் ஆனது.

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட இல்ல. நீங்க தின்னுட்டுக் கிண்ணத்தப் போட்டுட்டுத் தூங்குறீங்கன்னு உங்களத் திட்டிகிட்டே இருந்தேன். எனக்கு ஒண்ணு வைக்கத் தோணலையேன்னு அழுதிருக்கேன்."

"அடிப்பாவி. கேட்டுருக்கலாம்ல?"

"நீங்க கேட்டுருக்கலாம்ல?"

 வளவன் ஈரத்துண்டோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். மதிய வேளையில் அந்தக் கூடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று இருவருக்குமே நினைவில்லை. ஜன்னல் வழியாய் வந்த வெயில் தரையில் சதுரமாய் விழுந்திருந்தது. பொட்டலம் இருவருக்கும் நடுவில் வந்து, அந்த வெயிலில், தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல் படுத்தது. வளவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கும் வந்தது. அவளுக்கு வந்த சிரிப்பில் கண்ணீரும் கலந்திருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

"தின்னு," என்றான் அவன். மிச்சமிருந்த ஒற்றைப் போண்டாவை அவள் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். ஆறிப்போனது, நசுங்கியது, காகித வாசனை வேறு. அவள் அதை மிச்சமில்லாமல் தின்றாள்.

"பொட்டலத்த இத்தன நாளா இத்தப் போட்டா கொல்லப் பாத்தோம்?" என்றாள்.

"உம் பங்கத் தின்னுதான் அதுக்குக் காலு போச்சு. இனிமே நீ ஒழுங்காத் தின்னாத்தான் அது நடக்கும்," என்றான் வளவன்.

பச்சைப் பாக்கெட்டும் வேண்டாம், ஒரு கிலோ பையும் வேண்டாம் என்று அன்றைக்கே தீர்ந்தது. மார்கழியில் கேரட் துண்டு, வெயில் ஏறினதும் பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கிற வளவனின் சொந்தக்காரர் நிலத்திலிருந்து வெள்ளரிப் பிஞ்சு. அதைவிடக் குறைந்த கலோரியும் கிடையாது, குறைந்த விலையும் கிடையாது. பொட்டலம் முதல் நாள் கேரட்டை முகர்ந்துவிட்டு அவமானப்பட்டதுபோல் திரும்பிக்கொண்டது. பங்குனிக் கடைசியில் கருப்பசாமியின் தராசு முள் இருபத்தாறில் நின்றது. டாக்டர் கேட்ட ஐந்து கிலோவுக்கு மேல் அரைக் கிலோ கூடுதலாகவே இறங்கியிருந்தது. "சரக்கு எடை கொறையுதே, எங்கண்ணே திருட்டுப் போவுது?" என்றான் கருப்பசாமி. நாய் தராசிலிருந்து தானாகக் குதித்து இறங்கியது. பொற்கொடியின் ரவிக்கைகள்தான் கொஞ்சம் இறுக ஆரம்பித்திருந்தன.

இதெல்லாம் பிற்பாடு. அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் வந்த வெள்ளிக்கிழமைக் காலையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முடியாது.

வியாழக்கிழமை அவள் வழக்கம்போல் மதிய ஷிஃப்டுக்குப் போய்த் திரும்பினாள். முக்காலி காலியாக இருந்தது. கிண்ணம் ஃபிரிட்ஜின் தலைமேல் ஏறியிருந்தது, காகிதம் மூடி. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே ஒரு போண்டாவைத் தின்றாள். இரண்டாவதைத் தொடவில்லை. காகிதத்தை மறுபடியும் மூடி, கிண்ணத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. வீடே பனிக்குள் மிதக்கிறதுபோல் இருந்தது. பெல்ட்டின் முனகல் தூரத்தில் கேட்டது. வளவன் எப்போதோ கிளம்பிப் போயிருந்தான். அடுக்களைக்குப் போனாள். ஃபிரிட்ஜ் மேல் கிண்ணம் காலி, எண்ணெய்க் காகிதம் தரையில். போட்டது போட்டபடி கிடந்தது. 'தின்ன கிண்ணத்த' என்று வாய் பழக்கதோஷத்தில் தொடங்கியது.

பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள். பொட்டலம் ஃபிரிட்ஜ் முன்னால் படுத்து, எட்டாத உயரத்தை நிமிர்ந்து பார்த்து, சொத்து பறிபோனதுபோல் ஒரு பெருமூச்சு விட்டது.

அப்படியானால் தின்றது அவன்தான்.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். அன்றைக்கு அதைக் கழுவ அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.